கரியும் எண்ணெயும் இல்லாத கரைக்கு ஆலைகள் ஏன் வந்தன? வட சென்னையின் வளக் கணக்கு

தமிழ்நாட்டில் கருநிலக்கரிச் சுரங்கம் கிடையாது. நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. மணலிக்கு அடியில் கச்சா எண்ணெய் இல்லை, எண்ணூரில் எரிவாயு இல்லை, இரும்புத் தாதும் இல்லை. ஆனாலும் திருவொற்றியூரில் தொடங்கி காட்டுப்பள்ளியில் முடியும் இந்தச் சிறு கரையில் 4,130 மெகாவாட் அனல்மின் திறன் இருக்கிறது. ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டன் எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை இருக்கிறது. உரம், பெட்ரோகெமிக்கல், லாரி, டயர் எனத் தொழிற்சாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. இரண்டு துறைமுகங்களும், ஆண்டுக்கு 50 லட்சம் டன் இறக்கக்கூடிய எல்.என்.ஜி. (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையமும் இங்கேதான். ஒடிசாவில் வெட்டிய நிலக்கரி பாராதீப்பில் கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, கன்வேயரில் பயணித்து, அத்திப்பட்டு கொதிகலனில் எரிகிறது. அதன் சாம்பல் மட்டும் இங்கேயே தங்கிவிடுகிறது.

மூலப்பொருள் எதுவும் இல்லாத இடத்துக்கு இத்தனை முதலீடு வந்ததற்குக் காரணம் தண்ணீர். கடல், ஆறு, நிலத்தடி நீர், எல்லாவற்றையும் இணைக்கும் உப்பங்கழி. மின்நிலையங்களைக் குளிர்விக்க உப்பங்கழி நீர் கிடைத்தது. சாம்பலைக் கொட்ட யாரும் கேள்வி கேட்காத சதுப்பு நிலம் கிடைத்தது. ஆலைகளுக்கு மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீர் கிடைத்தது. துறைமுகத்துக்கு ஊர் நெருக்கமில்லாத திறந்த கடலோரம் கிடைத்தது. முதலீட்டு வாய்ப்புகளைப் பட்டியலிடும் எந்த அறிக்கையிலும் துறைமுகம் இருக்கும், சாலை இருக்கும், ஏக்கர் கணக்கில் நிலம் இருக்கும். இவற்றையெல்லாம் சாத்தியமாக்கிய கழி அந்தப் பட்டியலில் இருக்காது. கழியையும் வளமாக எழுதினால்தான் எந்த முதலீடு லாபம், எது நஷ்டம் என்பதே தெரியவரும் என்று நான் நினைக்கிறேன். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் முயற்சி.

கழி வேலை செய்யும் விதம்

கொசஸ்தலை ஆறு பூண்டி ஏரியைத் தாண்டி, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. கடலுக்குள் இறங்குவதற்குச் சற்று முன்பே அது விரிந்து பரந்து உப்பங்கழி ஆகிவிடுகிறது. தெற்கிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் அதில் கலந்து, வடக்கே பழவேற்காடு ஏரி வரை நீரால் இணைக்கிறது. ஆரணியாறு அந்த ஏரியில் விழுகிறது. ஆக, வரைபடத்தில் தனித்தனிப் பெயர்களோடு இருக்கும் இவை எல்லாம் ஒரே நீர்ப்பரப்பின் கிளைகள். ஒரு கிளையில் மண் விழுந்தால் அடுத்த கிளையில் ஓட்டம் மாறும்.

ஏற்றத்தில் கடல் நீர் உள்ளே வருகிறது, வற்றத்தில் வெளியேறுகிறது. நாள்தோறும் இருமுறை நடக்கும் இந்தப் போக்குவரத்தில்தான் இறால் வாழ்கிறது. தாய் இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் நுழையும். உப்பும் நன்னீரும் கலந்த ஆழமற்ற நீரில், சேற்றில், அலையாத்தி வேர்களுக்கு இடையில் வளரும். வளர்ந்த பிறகு மறுபடி கடலுக்குப் போகும். ஆகவே கழி குறுகினால் கழியில் வலை வீசுபவருக்கு மட்டும் நஷ்டம் என்று எண்ணிவிட முடியாது. காசிமேட்டிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகின் வலையிலும் அது தெரியும்.

காட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம், சிவன்படை வீதி குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் என்று கழியையும் கடலையும் நம்பிய குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. படகில் போய் வலை போடுபவர்கள் ஒரு பக்கம். பனையோலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் உள்ளிட்ட எளிய மக்கள் இன்னொரு பக்கம். இவர்களுக்கு முதலீடு என்று பெரிதாக எதுவும் தேவையில்லை. கழி ஆரோக்கியமாக இருந்தால் அன்றைக்கே காசு. சுற்றுப்புறத்தில் எந்த ஆலையும் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு எளியவர்களுக்கு வேலை தந்ததில்லை.

பழவேற்காட்டில் பாடு என்ற முறை உண்டு. எந்தக் குப்பத்தார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை முறை வைத்துப் பங்கிடும் ஏற்பாடு அது. பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தைச் சேராதவர்களை அது வெளியே நிறுத்துகிறது என்ற குறை நியாயமானது. ஆனால் வளம் அளவுக்கு உட்பட்டது, ஆளுக்கு ஆள் இஷ்டம்போல் அள்ள முடியாது என்ற அடிப்படையை இந்தக் கரை வெகு காலமாக அறிந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. பின்னால் வந்த தொழில் திட்டமிடலில் அப்படி ஒரு அளவு வைக்கப்படவில்லை.

மீன் தவிர உப்பும் இந்தக் கரையின் பழைய தொழில். அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் உப்பளங்கள் இருந்தன. 1806-ல் எண்ணூர் வரை 11 மைல் நீளத்துக்கு வெட்டத் தொடங்கிய கால்வாய்தான் பின்னால் நீண்டு, 1878-ல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. சென்னைக்கு உப்பும் விறகும் அதில் படகேறி வந்தன. இன்று அந்த அளங்களில் பெரும்பகுதி கன்டெய்னர் யார்டாகவும் கரி அடுக்கும் இடமாகவும் மாறிவிட்டது.

ஆலைகள் வந்த வரிசை

1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம்தான் எண்ணூரின் அசோக் லேலண்டாக வளர்ந்தது. 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் வந்தது. இவை ஆட்களின் கைத்திறனை நம்பிய தொழில்கள். ரயில் பாதை அருகே இருக்கிறது, சென்னைத் துறைமுகம் அருகே இருக்கிறது என்பதே அவற்றுக்குப் போதுமாக இருந்தது.

1960-களில் கதை மாறுகிறது. இந்திய அரசும் அமெரிக்க எண்ணெய் நிறுவனமும் ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தைத் தொடங்கின. 1969-ல் 25 லட்சம் டன் திறனோடு மணலியில் ஆலை ஓடத் தொடங்கியது. அங்கே சுத்திகரிப்பில் கிடைக்கும் நாஃப்தா என்ற லேசான எண்ணெயை வைத்து யூரியா செய்ய 1971-ல் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் வந்தது. சுத்திகரிப்பில் மிஞ்சுவதை வாங்கும் பெட்ரோகெமிக்கல் ஆலைகள் சுற்றி முளைத்தன. ஒரு ஆலையின் வெளியீடு பக்கத்து ஆலையின் உள்ளீடு என்ற இந்தப் பிணைப்புதான் மணலியின் பலம். பலரும் கவனிக்காமல் விடுவது, இந்த வகைத் தொழில்கள் தண்ணீரை ஏராளமாகக் குடிப்பவை என்பது.

1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 450 மெகாவாட் திறனோடு இருந்த அது 2017 மார்ச்சில் மூடப்பட்டது. இடையில் 1990-களில் வட சென்னை அனல்மின் நிலையம் 630 மெகாவாட்டோடு வந்தது, பிறகு 1,200 மெகாவாட் சேர்ந்தது, 2024-ல் 800 மெகாவாட்டில் மூன்றாம் நிலை. வல்லூரில் மத்திய அரசின் என்.டி.பி.சி.யும் மாநில மின்வாரியமும் கூட்டாக 1,500 மெகாவாட் கட்டின.

இந்தக் கரியை இறக்கத்தான் எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் பிறந்தது. இந்தியாவின் 12-வது பெருந்துறைமுகம், நிறுவனச் சட்டத்தின்கீழ் பதிவான முதல் பெருந்துறைமுகம். 2014-ல் அதற்குக் காமராஜர் பெயர் வந்தது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய கரித்தூள் ராயபுரம், பாரிமுனை வீடுகளில் படிகிறது என்ற வழக்கில், கரியையும் இரும்புத் தாதையும் அங்கே கையாளக்கூடாது என்று 2011-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. நியாயமான உத்தரவுதான். ஆனால் தூள் ஒழியவில்லை, வடக்கே இடம் மாறியது. நகரம் தனக்கு வேண்டாததைத் தள்ளும் திசை வடக்கு என்ற பழக்கம் கொடுங்கையூர் குப்பைமேட்டோடு நின்றுவிடவில்லை.

மீஞ்சூரின் நன்னீர் உப்பான கதை

இந்தக் கரையின் வளக் கணக்கில் மிகத் தெளிவான பாடம் நிலத்தடி நீரில் இருக்கிறது. அதனால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் தேங்கியிருந்தது. 1960-களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வு மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று வயல்களை அடையாளம் காட்டியது. மணலி ஆலைகளுக்கும் சென்னையின் குடிநீருக்கும் அங்கிருந்து இறைக்கத் தொடங்கினார்கள். விவசாயிகளும் தங்கள் பம்புகளால் இறைத்தார்கள்.

கடலோரத்தில் நிலத்தடி நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது, உப்புநீர் கனமானது என்பதால். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை உப்பு அண்டாது. இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் ஆபத்து விளங்கும். மேலே ஒரு அடி இறங்கினால் கீழே 40 அடி காவல் போய்விடும். மழை போட்டதைவிட அதிகமாக இறைத்தபோது மீஞ்சூரில் இதுவே நடந்தது. 1969-ல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் இருந்த உப்பின் முகப்பு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அதைப்போல் பல மடங்கு உள்ளே வந்துவிட்டது. தென்னையும் நெல்லும் இருந்த ஊர்களில் கிணறுகள் கரித்தன. பொன்னேரிப் பக்கத்து விவசாயி விற்றது தன் நிலத்தை என்று பத்திரத்தில் எழுதியிருக்கும். உண்மையில் அவர் அடியிலிருந்த தண்ணீரை முன்பே இழந்திருந்தார். விலை படியாத நிலம் தொழிற்பேட்டைக்கு எளிதாகக் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு 2010-ல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் கடல்நீர் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. மீஞ்சூர் ஆலை என்று அதற்குப் பெயர். ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு லிட்டருக்கு மேல் கடல் நீரை உறிஞ்சி, மீதியை அடர்ந்த உப்புக் கரைசலாகக் கடலுக்கே திருப்பிவிட வேண்டும். நீரை அழுத்தித் தள்ளும் பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும், அந்த மின்சாரத்தில் பக்கத்து அனல்மின் நிலையத்தின் கரியும் கலந்திருக்கிறது. மண் இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலையை, அது செய்ய முடியாமல் ஆக்கிய பிறகு, கரி எரித்துச் செய்கிறோம். முதலீட்டுப் புள்ளிவிவரத்தில் இந்த ஆலை ஒரு வரவு. அதற்கு முந்தைய இழப்பு எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை.

நல்ல மாற்றமும் உண்டு. கொடுங்கையூரில் நகரின் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் மணலி, மீஞ்சூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் வந்திருக்கிறது. ஆலைக்கு ஆண்டு முழுவதும் உறுதியான நீர், நகரத்துக்கு வருமானம், மீஞ்சூர் நிலத்துக்கு ஓய்வு. கோடையில் வறட்சி வந்தாலும் கழிவுநீர் வற்றாது. என் பார்வையில், கடந்த இருபது ஆண்டுகளில் இந்தக் கரையில் நடந்த மிகச் சிறந்த தொழில் முதலீடு இதுதான். இதுபோல் எல்.என்.ஜி. முனையம் வந்தபின் மணலி உர ஆலை நாஃப்தாவை விட்டு எரிவாயுவுக்கு மாறியதையும் சொல்ல வேண்டும். உற்பத்தி குறையாமல் சுமையைக் குறைக்க முடியும் என்பதற்கு இவை கண்முன் உள்ள உதாரணங்கள்.

சாம்பல், சுடுதண்ணி, எண்ணெய்

இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். அதை நீரில் கரைத்து, குழாயில் தள்ளி, சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் கொசஸ்தலை ஆற்றைக் கடந்து போகின்றன. ஆண்டுக்கணக்கில் அவை உடைந்து கசிந்ததில் ஆற்றின் படுகை சாம்பல் மேடானது. படகு போன இடத்தில் ஆள் நடக்க முடிகிறது. மின்நிலையங்களைக் குளிர்வித்துத் திரும்பும் நீரைக் குப்பத்து மக்கள் சுடுதண்ணி என்பார்கள். குஞ்சு மீனும் இறாலும் அந்த ஓட்டத்தில் நிற்பதில்லை. எண்ணூர்க் கழி பாழானது குறித்த வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல் தீர்ப்பளித்து, சாம்பலை அகற்றிக் கழியை மீட்கச் சொன்னது.

சாம்பலே வீண் பொருள் இல்லை. சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் சாலைக்கும் அது வேண்டும். உலர்நிலையில் பிடித்தால் விற்கலாம், நீரில் கரைத்துவிட்டால் சேறு. ஆகவே குளத்தை விரிவாக்குவதைவிட, உலர் சாம்பலை எடுக்கும் கிடங்கும் சரக்கு ரயில் வசதியும் கட்டுவது லாபகரமான முதலீடு.

அண்மையில் வந்த இன்னொரு தொல்லை காக்கா ஆழி. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த இந்த அயல் சிப்பி, கப்பல்கள் சமநிலைக்காக நிரப்பிவரும் நீரோடு வந்திருக்கக்கூடும். கழியின் படுகையில் கம்பளம் விரித்ததுபோல் அடர்ந்து வளர்கிறது. இறால் மேய்ந்த சேற்றை அது மூடிவிட்டது. தடவிப் பிடிப்பவர்களின் கைகளைக் கிழிக்கிறது. துறைமுகத்தின் சரக்கு வருமானத்தைக் கணக்கிடும்போது இந்த இழப்பை எந்தத் தலைப்பில் எழுதுவது?

விபத்துகளும் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. இளைஞர்களும் மீனவர்களும் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிக்குள் பரவியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விசாரணை மணலி சுத்திகரிப்பு ஆலையைச் சுட்டியது. ஆறு ஆண்டுகள் கழிந்தும் முதலில் இறங்கியது வாளியும் கையும்தான். அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி நடுச்சாமத்தில் தெருவுக்கு ஓடினார்கள்.

மணல் போகும் வழி

சென்னைக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்து இந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் ஊரைத் தின்றது. வீடுகளும் தெருக்களும் போன பிறகு கருங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு கட்டினார்கள். ஒவ்வொரு தடுப்பும் தன் வடக்கே உள்ள குப்பத்துக்கு அரிப்பைத் தள்ளிவிட்டது.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். எல் அண்ட் டி கட்டிய துறைமுகத்தை 2018-ல் அதானி குழுமம் வாங்கியது. 330 ஏக்கரை 6,110 ஏக்கராகவும், ஆண்டுக்கு 2.46 கோடி டன் திறனை 32 கோடி டன்னாகவும் உயர்த்துவது திட்டம். மதிப்பு சுமார் 53,000 கோடி ரூபாய். கடலைத் தூர்த்து உருவாக்கும் நிலமும் அதில் அடக்கம். பழவேற்காட்டுக் கழியையும் கடலையும் பிரித்து நிற்பது ஒடுங்கிய மணல் திட்டு. அது அறுந்தால் ஏரியின் உப்பும் நன்னீரும் கலக்கும் அளவு மாறும், கரையோர ஊர்களுக்கு அரணும் போகும்.

பக்கத்துத் துறைமுகம் ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கு கையாள்கிறது. 32 கோடி டன்னுக்கான சரக்கு எங்கிருந்து வரும் என்ற வணிகக் கேள்வியே முதலில் நிற்கிறது. முதலீட்டாளரும் கேட்க வேண்டிய கேள்வி அது.

பணம் எங்கே போகலாம்

வாய்ப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. எண்ணூரிலிருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை சுமார் 132 கிலோமீட்டருக்கு எல்லைச் சாலை அமைகிறது. ஒரகடத்து கார்கள் நகரத்துக்குள் நுழையாமல் கப்பலேறும். திருவொற்றியூரில் ட்ரெய்லர் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற நிலை மாறும். சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத்தில் பொன்னேரி ஒரு முனை. கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட்டுகள் கழியிலிருந்து விலகி, மேட்டு நிலத்தில் இருக்கின்றன. இவ்வளவு இடம் உள்ளே இருக்கும்போது முகத்துவாரத்தில் கை வைக்க என்ன அவசியம்?

கரையிலேயே வேண்டுமென்றால், ஏற்கெனவே தொழிலுக்குக் கொடுத்த நிலம் இருக்கிறது. மூடிக் கிடக்கும் எண்ணூர் அனல்மின் நிலைய வளாகத்தில் மின்கம்பித் தொடர்பும் ரயிலும் சாலையும் உண்டு. அங்கே மறுபடி 660 மெகாவாட் கரி நிலையம் கட்டும் திட்டத்துக்கு 2024 டிசம்பரில் பொது விசாரணை நடந்தது. சுற்றிலும் லட்சக்கணக்கான மக்கள் வாழும் எர்ணாவூர் நடுவே புதிய புகைபோக்கி தேவையில்லை. பேட்டரி மின்சேமிப்பு நிலையமோ வாகன உதிரிபாகத் தொழிலோ அதே இடத்தில் நிற்க முடியும். தண்ணீரும் குறைவாகவே கேட்கும். மீன்பிடித் துறைமுகங்களில் குளிர்பதனக் கிடங்கு, ஐஸ் ஆலை, பெண்கள் மீன் உலர்த்தச் சுத்தமான தளம் ஆகியவற்றுக்கு ஆகும் தொகை, ஒரு கப்பல் தளத்துக்கு ஆகும் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது.

அதற்கெல்லாம் முன்னால் எல்லை தெரிய வேண்டும். 1996-ல் ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழியின் நீர்ப்பரப்பும் சதுப்பும் 6,000 ஏக்கருக்கு மேல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்தன. பின்னால் வந்த வரைபடங்களில் அது சுருங்கியது. பழைய எல்லையைக் கல் நட்டு உறுதி செய்துவிட்டால், அதற்கு வெளியே உள்ள நிலத்தில் தொழில் தொடங்குபவருக்கும் வழக்கு பயம் இல்லை.

காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கான பொது விசாரணை 2021-லும் 2023-லும் அறிவிக்கப்பட்டு, இரு முறையும் நடக்காமல் போனது. இனி எப்போது நடந்தாலும், மேடையில் இருப்பவர்களிடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டியவை சில. பூண்டியைத் திறந்துவிடும் வெள்ள நாளில் கொசஸ்தலையின் நீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகும்? தூர்க்க மணல் எங்கிருந்து வரும், வடக்கே எத்தனை குப்பங்கள் அதற்கு விலை கொடுக்கும்? ஒப்பந்தக் கூலி தவிர்த்து, நிரந்தர வேலை எத்தனை, அதில் காட்டுப்பள்ளி, பழவேற்காடு ஆட்களுக்கு எத்தனை? ஆலைகளின் தண்ணீர் கொடுங்கையூரிலிருந்தா, மீஞ்சூர் நிலத்தடியிலிருந்தா?